கப்பல் யாருடையது என்று எப்படி நிரூபித்தார்கள்? (17, 18-ஆம் நூற்றாண்டு அட்மிரால்டி வழக்குகள்)

#1 நாவாய்க்குறிப்பு

கடல் வழக்குகளை விசாரித்த லண்டன் அட்மிரால்டி நீதிமன்றத்தின் 18-ஆம் நூற்றாண்டு வழக்குக் கட்டுகளை வாசிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. போர்க்காலத்தில் ஆங்கிலேயப் போர்க்கப்பலோ, அரசு உரிமம் பெற்ற பிரைவேட்டீர் கப்பலோ ஒரு வணிகக் கப்பலைப் பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறது. "இது எதிரியின் கப்பல் இல்லை, நடுநிலை நாட்டவனான என்னுடையது" என்று ஒருவர் வருகிறார்.

கட்டைப் பிரித்தால் கடல் பாஸ் (கப்பல் எந்த நாட்டுடையது என்று சொல்லும் கடவுச்சீட்டு), கிரயப் பத்திரம், மாலுமிப் பட்டியல், சரக்கு ரசீதுகள், கடிதங்கள் என்று பத்துப் பதினைந்து தாள்கள் இருக்கின்றன. இவற்றில் உரிமையை நிரூபிப்பது எது? நிலத்துக்கு இருப்பதுபோல ஒரே ஒரு உரிமைப் பத்திரம் கப்பலுக்கு உண்டா?

#2 மூலப்பத்திரம்

முதலில் எந்த நீதிமன்றம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

லண்டனில் செயின்ட் பால் பேராலயத்துக்கு அருகே டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற வளாகத்தில் ஒரே நீதிபதி இரண்டு வேலை பார்த்தார். சமாதான காலத்திலும் நடப்பது 'இன்ஸ்டன்ஸ்' பக்கம்: மாலுமிக் கூலி, மோதல், கப்பலை ஈடு வைத்த கடன், பங்காளிச் சண்டை. போர் மூண்டால் 'பிரைஸ்' பக்கமும் திறக்கும்; பிடிபட்ட கப்பல்கள் எல்லாம் அங்கே. இரண்டிலும் நடந்தது ரோமானிய வழிவந்த சிவில் சட்டம். வழக்காடியவர்கள் அந்தச் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள். காகித வேலையைப் பார்த்தவர்கள் புரோக்டர்கள். மேல்முறையீடும் வேறுவேறு இடம். இன்ஸ்டன்ஸ் வழக்கு 'டெலிகேட்ஸ்' மன்றத்துக்குப் போகும். பிரைஸ் வழக்கு பிரிவி கவுன்சில் (அரசரின் ஆலோசனை மன்றம்) உறுப்பினர்களைக் கொண்ட மேல்முறையீட்டு ஆணையர்களிடம் போகும்.

நீங்கள் கேட்பது பிரைஸ் பக்கம். அங்கே முக்கியமான விஷயம், நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் என்பதுதான். பிடித்தவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. கப்பல் அவன் கையில் இருக்கிறது. எதிரிச் சொத்து என்ற அனுமானத்தோடு வழக்கு தொடங்குகிறது. உரிமை கோருபவர்தான் தன்னுடையது என்று காட்ட வேண்டும். இருவரும் சமமாகத் தவறினால் தோற்பவர் உரிமை கோரியவர். இதை மனதில் வைத்துக்கொண்டு கட்டைப் படித்தால் ஒவ்வொரு தாளும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளங்கும்.

#3 ஏடுபடிப்பவர்

நடைமுறையை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் சான்றின் மதிப்பு அது எப்போது வந்தது என்பதைப் பொறுத்தது.

கப்பல் துறைமுகம் வந்ததும் அதில் கிடைத்த எல்லாக் காகிதங்களையும் பிடித்தவர் நீதிமன்றத்தில் கட்டவேண்டும். கூடவே ஒரு பிரமாண வாக்குமூலம்: இவை கிடைத்தபடியே தரப்படுகின்றன, எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை, மறைக்கவில்லை என்று. தாள்களின்மேல் எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்கள்தான் இந்த வாக்குமூலத்தோடு அவற்றைப் பிணைப்பவை.

அடுத்தது விசாரணை. கப்பலின் மாஸ்டர் (தலைவர்), மேட் (துணைத் தலைவர்), இன்னும் ஓரிருவர் என்று மூன்று நான்கு பேர். சுமார் முப்பது கேள்விகள் கொண்ட நிலையான கேள்விப் பட்டியல். எல்லாக் கப்பலுக்கும் அதே பட்டியல். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, வழக்கறிஞர் யாரும் பக்கத்தில் இல்லாமல், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு விசாரிப்பார்கள். 1708-ஆம் ஆண்டுச் சட்டம், கேட்டுக்கொண்ட 5 நாளுக்குள் இந்த முதல்நிலை விசாரணை முடியவேண்டும் என்றது. பிறகு 'உரிமை உள்ளவர் வரலாம்' என்ற பகிரங்க அறிவிப்பு. 20 நாள் கெடு. வராவிட்டால் கப்பல் பறிமுதல். வந்தவர் பிரமாணத்தோடு உரிமைக் கோரிக்கையும், தோற்றால் செலவு கட்டுவதற்கான ஜாமீனும் தரவேண்டும்.

முதல் சுற்றில் நீதிபதி பார்ப்பது இரண்டே இரண்டுதான்: கப்பலில் கிடைத்த காகிதம், கப்பலில் இருந்தவர்களின் வாய்மொழி. உரிமையாளர் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வரும் எந்தப் பத்திரமும் இந்தச் சுற்றில் உள்ளே வராது. 1753 ஜனவரி 18 தேதியிட்டு, பிரஷ்ய அரசரின் புகாருக்கு மறுமொழியாக ஜார்ஜ் லீ, பால், டட்லி ரைடர், வில்லியம் முர்ரே என்ற நால்வர் எழுதிய அறிக்கை இந்த விதியைத் தெளிவாகச் சொல்கிறது. இவர்களில் முர்ரேதான் பின்னாளில் மான்ஸ்ஃபீல்டு பிரபு ஆனவர்.

#4 கணக்கப்பிள்ளை

இதில் எனக்கு ஒரு சந்தேகம். இங்கிலாந்தில் கப்பல் பதிவேடு இருந்ததே? ரிஜிஸ்டர் சான்றிதழைக் காட்டினால் உரிமையாளர் யார் என்பது முடிந்துவிடாதா? இத்தனை கேள்விப் பட்டியல் எதற்கு?

#5 மூலப்பத்திரம்

கணக்கப்பிள்ளை ஐயா, பட்டாவையும் கிரயப் பத்திரத்தையும் நினைத்துப் பாருங்கள். பட்டா வருவாய்த் துறைக்கானது. நிலம் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வது கிரயப் பத்திரமும் அதன் தாய்ப்பத்திரமும். கப்பல் ரிஜிஸ்டரும் அப்படித்தான். அது பிறந்ததே நேவிகேஷன் சட்டங்களின் (கடல் வணிகத்தைச் சொந்த நாட்டுக் கப்பல்களுக்கு ஒதுக்கிய சட்டங்கள்) சலுகை யாருக்கு உண்டு என்று தீர்மானிக்க.

1696 சட்டப்படி குடியேற்ற நாடுகளோடு வணிகம் செய்யும் கப்பல்களுக்கு மட்டும் பதிவு கட்டாயம். உரிமையாளர் ஒருவர் சத்தியம் செய்வார்: கப்பல் பெயர், துறைமுகம், மாஸ்டர் பெயர், என்ன வகைக் கட்டுமானம், எத்தனை டன், எங்கே எந்த ஆண்டு கட்டியது, இப்போதைய உரிமையாளர்கள் யார் யார், 'அந்நியர் எவருக்கும் நேராகவோ மறைமுகமாகவோ இதில் பங்கு இல்லை'. யாரும் சரிபார்க்காத சத்தியம் அது. மற்றக் கப்பல்களுக்கு அதுவும் கிடையாது. 1786-இல் சார்லஸ் ஜென்கின்சன் கொண்டுவந்த சட்டம்தான் மேல்தளம் உள்ள, 15 டன்னுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் கப்பல்கள் அனைத்தையும் பதிவுக்குள் இழுத்தது. அதிகாரி நேரில் போய் அளக்கவேண்டும். கப்பலின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்தால், 4 அங்குலத்துக்குக் குறையாமல் எழுதவேண்டும்.

அந்தச் சட்டத்தில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். பதிவான கப்பலை விற்கும்போது கிரயப் பத்திரத்துக்குள் ரிஜிஸ்டர் சான்றிதழை வார்த்தைக்கு வார்த்தை எடுத்து எழுதவேண்டும். இல்லையென்றால் விற்பனையே செல்லாது. பணம் கொடுத்து, கப்பலை ஓட்டி, லாபமும் எடுத்தவர், எழுத்தர் சான்றிதழைச் சரியாகப் படியெடுக்காததால் சட்டத்தின் கண்ணில் வாங்காதவராகிவிடுவார்.

அதனால் 'ரிஜிஸ்டரில் பெயர் இருக்கிறது' என்பது சாதகமான ஒரு தகவல். உரிமை வந்த வழியைக் காட்டுவது கிரயப் பத்திரம். 1798 முதல் 1828 வரை நீதிபதியாக இருந்த வில்லியம் ஸ்காட், பிற்காலத்து ஸ்டோவெல் பிரபு, 1804-இல் 'சிஸ்டர்ஸ்' வழக்கில் இதையே சொன்னார்: கப்பல் கைமாறுவதற்கு எல்லாக் கடல் வணிக நாடுகளும் ஏற்கும் ஆவணம் கிரயப் பத்திரம், நீதிமன்றங்கள் தேடுவதும் அதைத்தான்.

#6 வடமராட்சி

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. எங்கட ஊரில் கிரயப் பத்திரத்தை 'உறுதி' எண்டுதான் சொல்லுறது. புறக்டர், நொத்தாரிசு (நோட்டரி) எல்லாம் அந்தக் காலத்துச் சொற்கள்தான். ஆம்ஸ்டர்டாம் கப்பல் ஒன்றின்ர காகிதத்தில இரண்டு சொற்கள் அடிக்கடி வரும்.

ஒன்று 'பைல்பிரீஃப்', நேரே மொழிமாற்றினால் கோடாலிக் கடிதம். கப்பலைக் கட்டின தச்சர் குடுக்கிற ஆவணம். கட்டுகூலி பாக்கி இருந்தால் அதே காகிதம் தச்சருக்குக் கப்பல் மேல் ஈடாயும் நிக்கும். ஆக, பைல்பிரீஃப் கையில் இருந்தால் தாய் உறுதியும் இருக்கு, வில்லங்கமும் இருக்கக்கூடும். கடனைத் தீர்த்த குறிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ.

மற்றது 'ஸேபிரீஃப்', கடல் கடிதம். உரிமையாளரோ மாஸ்டரோ நகர நீதவானுக்கு முன்னால் போய், இந்தக் கப்பல் எங்கட நாட்டவருக்கே சொந்தம் எண்டு சத்தியம் செய்து வாங்குவது. 1674-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் ஒல்லாந்துக்கும் நடந்த கடல் உடன்படிக்கையிலேயே இந்தப் பாஸின்ர மாதிரி வாசகம் சேர்க்கப்பட்டது. அந்த மாதிரிப்படி இல்லாத பாஸைக் காட்டி உடன்படிக்கைச் சலுகை கேட்கேலாது.

பங்கு முறையும் கவனிக்க வேண்டியது. கப்பலை 1/8, 1/16, 1/32, 1/64 எண்டு பிரிச்சு வைத்திருப்பினம். கணக்கு, சம்பளம், லாபப் பங்கீடு எல்லாம் 'புக்ஹௌடர்' எண்ட கணக்கர்-பங்காளியின்ர கையில். அவரின்ர கணக்குப் புத்தகம் கிடைச்சால் அதைவிடப் பெரிய சான்று இல்லை: ஒவ்வொரு பயணத்துக்கும் யாருக்கு எவ்வளவு போனது எண்டு அதில் இருக்கும்.

#7 நாவாய்க்குறிப்பு

நன்றி. அப்படியானால் பாஸ் என்பது சத்தியத்தின் பேரில் கிடைப்பது, கிரயப் பத்திரம் கைமாறியதைக் காட்டுவது. இரண்டும் சரியாக இருந்தும் கப்பல் பறிமுதல் ஆன வழக்குகள் நிறைய இருக்கின்றனவே, ஏன்?

#8 ஏடுபடிப்பவர்

பினாமி. ஒரே சொல்லில் அதுதான் காரணம்.

போர் வந்தால் எதிரி நாட்டு வணிகர் தன் கப்பலை நடுநிலை நாட்டவர் ஒருவர் பெயருக்கு மாற்றுவார். ஒல்லாந்தர் போருக்குள் வந்த 1780-க்குப் பிறகு நடுநிலைத் துறைமுகங்களான ஆஸ்டெண்டும் எம்டனும் திடீரென்று கப்பல்களால் நிரம்பியது இதனால்தான். பத்திரம் முத்திரையோடு சரியாக இருக்கும். நீதவான் கையெழுத்தும் உண்மையானதாக இருக்கும். பொய் உள்ளடக்கத்தில். அதனால்தான் கேள்விப் பட்டியல் பத்திரத்தை நம்பாமல் சுற்றி வளைத்துக் கேட்கிறது. மாஸ்டரிடம் கேட்பவை இப்படிப் போகும்: நீ எங்கே பிறந்தாய், எங்கே குடியிருக்கிறாய், மனைவி மக்கள் எங்கே? உன்னை மாஸ்டராக நியமித்தவர் யார்? உரிமையாளர் யார், அது உனக்கு எப்படித் தெரியும், அவர் எந்த நாட்டவர், எங்கே குடியிருக்கிறார்? கிரயப் பத்திரம் எழுதப்பட்டதா, எங்கே, எப்போது, யார் சாட்சி? விலை எவ்வளவு, அது கப்பலின் நியாயமான மதிப்பா, பணம் உண்மையில் கொடுக்கப்பட்டதா? போர் முடிந்தால் கப்பலைத் திருப்பித் தருவதாக ஏதாவது பேச்சு உண்டா? எந்தக் காகிதத்தையாவது எரித்தார்களா, கிழித்தார்களா, கடலில் எறிந்தார்களா?

'போர் முடிந்தால் திருப்பித் தருவது' என்ற கேள்விதான் கழுத்தைப் பிடிப்பது. விற்றவர் எந்த விதத்திலாவது கப்பல்மேல் பிடிமானம் வைத்திருந்தால் அது விற்பனையே இல்லை என்று ஸ்காட் 1801-இல் 'ஸெக்ஸ் கெஷ்விஸ்டெர்ன்' வழக்கில் முடிவு செய்தார். மாற்றம் முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்கவேண்டும். அதே மாஸ்டர், அதே பாதை, அதே முகவர், லாபமும் பழைய வீட்டுக்கே போகிறது என்றால் பத்திரத்தில் எழுதிய பெயரால் பயன் இல்லை.

1798-இல் தீர்ப்பான 'விஜிலான்ஷியா' இதற்கு நல்ல பாடம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிரீன்லாந்து திமிங்கல வேட்டைக்குப் போன கப்பல். உரிமை கோரியவர் எம்டன்காரர் என்ற முறையில் வந்தார். தொழில் முழுக்க ஒல்லாந்து மண்ணிலிருந்து நடந்தது, ஆட்களும் அங்கிருந்தே. கப்பல் ஒல்லாந்துத் தன்மை உடையதென்று பறிமுதல் ஆனது. உரிமையாளர் எங்கே பிறந்தார் என்பதைவிட அவர் எங்கே குடியிருந்து, எந்த நாட்டின் வணிகத்தை நடத்துகிறார் என்பதே அங்கே எடைபோடப்பட்டது.

#9 மூலப்பத்திரம்

இன்னொரு கூர்மையான விதியும் உண்டு. எதிரி நாட்டுக் கொடியையும் பாஸையும் ஏந்தி ஓடிய கப்பலில், 'எனக்கு உண்மையில் கால் பங்கு உண்டு, நான் நடுநிலைக்காரன்' என்று பிறகு வந்து சொல்ல முடியாது. பாஸ் தந்த சலுகையை அனுபவித்தவர் அந்தப் பாஸின் குணத்துக்கும் கட்டுப்பட்டவர். சரக்குக்கு இந்த விதி இல்லை. சரக்கில் ஒவ்வொரு மூட்டையையும் அதன் சொந்தக்காரரைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். கப்பலையும் சரக்கையும் ஒரே கண்ணால் படிப்பவர்கள் இங்கே தவறு செய்கிறார்கள்.

#10 கணக்கப்பிள்ளை

பட்டா உவமையை ஏற்கிறேன். ஆனால் பிரான்சில் இவ்வளவு விசாரணை இல்லை, காகிதம் இல்லாவிட்டால் உடனே பறிமுதல் என்று வாசித்த நினைவு. எது கடுமை?

#11 ஏடுபடிப்பவர்

பிரான்ஸ்தான் கடுமை, ஆனால் அங்கே விதி எழுத்தில் இருந்தது; வணிகர் முன்கூட்டியே தயாராக முடியும். 1681-ஆம் ஆண்டுக் கடல்சட்டமே சார்ட்டர் ஒப்பந்தம் (கப்பல் வாடகை ஒப்பந்தம்), சரக்கு ரசீது, விலைப்பட்டியல் இல்லாத கப்பலைப் பறிமுதலுக்கு உரியதாக்கியது. 1704, 1744 விதிமுறைகள் அதை விரித்தன. 1778 ஜூலை 26 விதிமுறையில் எல்லாம் கோவையாக இருக்கிறது.

எதிரி நாட்டில் கட்டிய கப்பல், அல்லது முன்பு எதிரி கையில் இருந்த கப்பல் என்றால், போர் தொடங்குவதற்கு *முன்பே* நடுநிலைக்காரருக்கு விற்கப்பட்டதைக் காட்டும் அத்தாட்சி பெற்ற பத்திரம் கப்பலிலேயே இருக்கவேண்டும். பாஸ் எழுதிய நாளில் கப்பல் அதைக் கொடுத்த நாட்டின் துறைமுகத்தில் இருந்திருக்கவேண்டும். இல்லையேல் பாஸ் செல்லாது. மாலுமிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிரி நாட்டவர் இருக்கக்கூடாது. கடலில் காகிதம் எறிந்தது உறுதியானால் அந்த ஒன்றே பறிமுதலுக்குப் போதும். கப்பலில் கிடைக்காத காகிதத்தைப் பிறகு கொண்டுவந்தால் ஏற்பதில்லை.

இங்கிலாந்து இவற்றில் சிலவற்றில் இளகியது. போர்க்காலத்தில் எதிரியிடம் கப்பல் வாங்குவதைத் தடுக்கவில்லை, விற்பனை உண்மையானதாக இருந்தால் போதும். காகிதத்தை எறிந்தது கடும் சந்தேகத்தைக் கிளப்பும், ஆனால் விளக்கம் சொல்ல இடம் உண்டு. சந்தேகம் நேர்மையானதாகத் தோன்றினால் நீதிபதி 'மேலதிகச் சான்று' கொண்டுவர உத்தரவிடுவார். அப்போதுதான் வீட்டுப் பெட்டியைத் திறக்கலாம்: நொத்தாரிசு அத்தாட்சி பெற்ற பத்திர நகல், வாங்கியவரும் விற்றவரும் எழுதிய கடிதங்கள், பணம் போன உண்டியல் (மாற்றுச்சீட்டு) ரசீது, கணக்குப் புத்தகப் பகுதிகள், தரகர் வாக்குமூலம், காப்பீட்டு ஒப்பந்தம். முதல் சுற்றில் பொய்க் காகிதம் காட்டிப் பிடிபட்டவருக்கு இந்த வாய்ப்பு மறுக்கப்படும். நிறைய உண்மையான உரிமையாளர்கள் தோற்றது இங்கேதான்: மாஸ்டர் பயந்து ஒரு பொய் சொல்லியிருப்பார், மெய்யான பத்திரம் அதற்குப் பிறகு உள்ளே வரவே முடியாமல் போயிருக்கும்.

#12 தோணித்துறை

நம் பக்கத்துக் கடலில் நடந்த இரண்டு வழக்குகளை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

'க்வெடா மெர்ச்சன்ட்' கப்பலை, பின்னாளில் கடற்கொள்ளையர் என்று விசாரிக்கப்பட்ட பிரைவேட்டீர் தலைவர் கேப்டன் கிட் 1698 ஜனவரி 30-இல் மலபார் கரைக்கு அப்பால் பிடித்தார். இந்தியாவைச் சேர்ந்த கப்பல், சரக்கில் பெரும்பங்கு ஆர்மீனிய வணிகருடையது, ஓட்டியவர் ஆங்கிலேயர், கையில் இருந்தது பிரெஞ்சு பாஸ். பாஸ் என்பது யார் கேட்டாலும் காட்டுவதற்கு வாங்கி வைத்த பாதுகாப்புச் சீட்டு, சொத்துரிமைச் சான்று இல்லை. கிட்டோ அந்தப் பிரெஞ்சு பாஸ் இருப்பதால் கப்பல் சட்டப்படி பிடிக்கத்தக்கது என்று வாதாட நினைத்தார். ஆனால் 1701 மே மாத விசாரணையில் அந்தப் பாஸ்கள் நீதிமன்றத்துக்கு வரவில்லை. அவர் 1701 மே 23-இல் தூக்கிலிடப்பட்டார். பாஸ்கள் 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணங்களுக்குள் கிடைத்தன. கையில் இருந்த தாள் மேசைக்கு வராததால் வழக்கு எப்படிச் சாய்கிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தெரியவில்லை.

இரண்டாவது 'சாண்டா கத்தரினா', 1748. ஈரானின் இஸ்ஃபஹானை ஒட்டிய நியூ ஜுல்பா ஆர்மீனிய வணிகர்களின் சரக்கை ஏற்றிக்கொண்டு வங்கத்திலிருந்து பாஸ்ராவுக்குப் போன கப்பல். தென்னிந்தியக் கரையருகே பிரிட்டிஷ் கடற்படையிடம் சிக்கியது. எதிரி பிரான்சின் சொத்தா, ஆர்மீனியரின் சொத்தா என்பது கேள்வி. வழக்கு லண்டன் மேல்முறையீடு வரை போனது. கப்பலில் இருந்த கடிதங்கள் ஆயிரத்துக்கும் மேல், சான்றாகப் பறிக்கப்பட்டு இன்றும் அங்கேயே இருக்கின்றன. வணிகர்கள் தங்கள் உறவினர்களுக்கு எழுதிய சாதாரணக் கடிதங்கள்தான் அவை. ஆனால் யார் யாருக்கு எவ்வளவு சரக்கு அனுப்பினார், யார் முதலாளி, யார் முகவர் என்பதை எந்த முத்திரைப் பத்திரத்தையும்விட நன்றாகச் சொல்கின்றன.

இந்தியக் கரையில் அதற்கு முன்பே போர்த்துக்கீசியரின் 'கர்த்தாஸ்' பழக்கம் இருந்தது: கப்பல் பெயர், தலைவன் பெயர், அளவு, ஆயுதம், போகும் இடம் எல்லாம் எழுதிய சீட்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் 1683 சாசனம், சிவில் சட்டம் கற்ற ஒருவரும் இரண்டு வணிகர்களும் அமரும் கடல் நீதிமன்றம் வைக்க அதிகாரம் தந்தது.

#13 நாவாய்க்குறிப்பு

பங்காளிச் சண்டை பற்றியும் ஒரு வார்த்தை. பங்கு வைத்தவர்களுக்குள்ளேயே 'கப்பல் என்னுடையது' என்று வந்தால் இதே நீதிமன்றம் தீர்த்ததா?

#14 மூலப்பத்திரம்

பாதி தீர்த்தது. இதில் ஒரு வரலாற்று விந்தை இருக்கிறது. 1389, 1391 சட்டங்களை வைத்து, பொதுச்சட்ட நீதிமன்றங்கள் அட்மிரால்டியைத் தொடர்ந்து தடை உத்தரவுகளால் கட்டிப்போட்டன. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து அட்மிரால்டி கப்பலின் *அனுபவ பாத்தியதையை*, அதாவது யார் கையில் இருக்கவேண்டும் என்பதை, முடிவு செய்யும். *உரிமைமூலத்தை* முடிவு செய்யாமல் விலகிக்கொள்ளும். மெய்யான உரிமைச் சண்டைக்கு வேறு நீதிமன்றம் போகவேண்டும். 1840 சட்டம்தான் அந்த அதிகாரத்தைத் திருப்பித் தந்தது. ஆகவே 'இவரிடம் கப்பலை ஒப்படை' என்ற 18-ஆம் நூற்றாண்டு உத்தரவைப் பார்த்து 'இவர்தான் உரிமையாளர் என்று தீர்ப்பு' என எழுதிவிடாதீர்கள்.

பங்காளிகளில் பெரும்பான்மையோர் கப்பலைப் பயணம் அனுப்ப விரும்பி, சிறுபான்மையோர் மறுத்தால் நீதிமன்றம் ஒரு நல்ல வழி வைத்திருந்தது: பெரும்பான்மையோர் சிறுபான்மையோரின் பங்கு மதிப்புக்கு ஜாமீன் கட்டவேண்டும், கப்பல் பத்திரமாகத் திரும்பும் என்று. பயணத்தின் செலவிலும் லாபத்திலும் மறுத்தவருக்குப் பங்கு இல்லை.

பங்குகளைக் கூட்டிப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உதாரணமாக 3/8, 1/4, 1/8, 1/8, 1/16, 1/32, 1/32 என்று வந்தால், 32-இல் 12, 8, 4, 4, 2, 1, 1. கூட்டினால் 32, சரி. 31 வந்தால் ஒரு பத்திரம் கட்டில் இல்லை, அல்லது ஒரு பங்காளியைக் காட்ட விரும்பவில்லை. 33 வந்தால் யாரோ விற்ற பங்கு பழைய பெயரிலும் நிற்கிறது.

#15 நாவாய்க்குறிப்பு

கடைசியாக ஒன்று. கையில் உள்ள ஒரு கட்டில் மாஸ்டர் விலை எவ்வளவு என்று தனக்குத் தெரியாது என்கிறார்; கிரயப் பத்திரத்தில் விலை எழுதியிருக்கிறது. இது முரணா?

#16 ஏடுபடிப்பவர்

அது முரண் இல்லை. சம்பளத்துக்கு அமர்த்திய மாஸ்டர் விலையை அறியாதிருப்பது இயல்பு. நீதிபதிகளும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. விலை தெரியும் என்று சொல்லி வேறு தொகை சொல்லியிருந்தால்தான் கேடு. அவரும் மேட்டும் ஒரே வார்த்தையில் ஒரே பதில் சொல்லியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

எச்.சி.ஏ. 32 வரிசைக் (லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரைஸ் வழக்குத் தாள்கள் உள்ள வரிசை) கட்டுகளைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு பெரிய தாளில் நாள்வாரிக் கோடு இழுங்கள். கிரயப் பத்திரத் தேதி, பாஸ் தேதி, மாலுமிப் பட்டியல் தேதி, சரக்கு ரசீது தேதி, புறப்பட்ட தேதி, பிடிபட்ட தேதி ஆகியவற்றை அதில் வையுங்கள். ஒவ்வொரு தேதியிலும் கப்பல் எந்த ஊரில் இருந்தது என்று லாக் புத்தகத்திலிருந்து (கப்பலின் அன்றாடப் பயணக் குறிப்பேடு) பக்கத்தில் எழுதுங்கள். கப்பல் நடுக்கடலில் இருந்தபோது எம்டனில் எழுதிய பாஸ் தன்னால் வெளிப்படும். பழைய நாள்காட்டியையும் புதிய நாள்காட்டியையும் மறக்கவேண்டாம்: 1752 வரை இங்கிலாந்து பழையதைப் பின்பற்றியது, 1700 முதல் வித்தியாசம் 11 நாள், அதற்கு முன் 10 நாள். ஆங்கிலேயத் தேதியையும் ஆம்ஸ்டர்டாம் தேதியையும் அப்படியே ஒப்பிட்டு 'பொய்ப் பத்திரம்' என்று முடிவு கட்டினால் தவறாகிவிடும். நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் 1733 வரை லத்தீனில் இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

#17 வடமராட்சி

அதோட, கட்டில் உள்ள தனிப்பட்ட கடிதங்களை 'சரக்கோடு சம்பந்தமில்லை' எண்டு ஒதுக்கிப்போடாதேங்கோ. மாஸ்டரின்ர மனைவி எழுதின கடிதத்தில் 'புதுப் பெயர் வைச்ச கப்பல்' எண்டு ஒரு வரி இருந்தால், பழைய பெயர் என்ன, பழைய சொந்தக்காரர் யார் எண்டு அங்கயிருந்து தேடத் தொடங்கலாம். பிடிச்சவையின்ர வழக்கறிஞர்களும் அந்த வரியைத்தான் முதலில் கோடிட்டு வைப்பினம். ஓரத்தில் மை அடையாளம் இருக்கோ எண்டு பாருங்கோ.